‘பி.இ.ஓ. வந்துட்டாங்க!’: திடீர்ப் பார்வை பற்றி வாசகர் கேள்வி–பதில்

சொல்லாமல் வந்து வகுப்பைப் பார்ப்பது பற்றி ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர்கள், பார்க்கப் போகிறவர்கள், சத்துணவுக் கூடத்தில் இருப்பவர்கள் எனப் பல பக்கத்திலிருந்தும் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: முன்கூட்டிச் சொல்லாமல் வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.) வகுப்புக்குள் வரலாமா? வந்தால் தலைமை ஆசிரியர் முதலில் என்ன செய்ய வேண்டும்? (நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்)

வரலாம். தேதி சொல்லிவிட்டு வருவது ஆண்டாய்வு. அதற்கு அலமாரி துடைத்து, பதிவேடுகளை அடுக்கி வைக்கிறோம். திடீர்ப் பார்வை வேறு வகை. சாதாரண நாளில் பள்ளி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அது.

முதல் வேலை, வகுப்பை நிறுத்தாமல் இருப்பது. பிள்ளைகளை எழுப்பி ‘வணக்கம் ஐயா’ சொல்லவைத்து, நாற்காலி துடைத்து, டீக்கு ஆள் அனுப்பி முடிப்பதற்குள் பார்க்க வேண்டிய பத்து நிமிடம் போய்விடும். நீங்களே பாடவேளையில் இருந்தால் அதைத் தொடருங்கள். ஆசிரியர் வருகைப் பதிவேடு, விடுப்பு விண்ணப்பங்கள், வெளியே பணிக்குப் போனவர்களைக் குறிக்கும் பதிவேடு மூன்றும் பூட்டில்லாத இடத்தில் இருந்தால் போதும். மற்றவற்றை இடைவேளையில் காட்டலாம்.

சிக்கல் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் வரும். ஒருவர் தற்செயல் விடுப்பில் இருப்பார், விண்ணப்பம் இருக்கும், பதிவேட்டில் குறித்திருக்காது. அல்லது வட்டார வள மையக் கூட்டத்துக்குப் போயிருப்பார், கல்வித் துறையின் எமிஸ் வருகைப் பதிவுச் செயலியில் ‘வருகை’ என்று ஏறியிருக்கும். இரண்டுமே குற்றமல்ல, ஆனால் அறிக்கையில் ‘முரண்பாடு’ என்று வரும். காலை மணி அடித்த அரை மணிக்குள் காகிதமும் செயலியும் ஒன்றாக இருக்கட்டும். தேதி போடாமல் கையெழுத்து மட்டும் வாங்கி மேசை இழுப்பறையில் விடுப்புக் கடிதம் வைத்திருக்கும் பழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் இன்றே கிழித்துப் போடுங்கள். மாட்டினால் விடுப்பு எடுத்தவரோடு நீங்களும் மாட்டுவீர்கள்.

கேள்வி: முதல் பள்ளிக்குள் நாங்கள் நுழைந்ததுமே வாட்ஸ்அப்பில் ஒன்றியம் முழுக்கச் செய்தி போய்விடுகிறது. பிறகு எங்கே திடீர்? (பள்ளிகளைப் பார்வையிடப் போகும் ஓர் ஆசிரியர் பயிற்றுநர்)

ஒரே சாலையில் வரிசையாகப் போனால் அப்படித்தான் ஆகும். பள்ளிப் பெயர்களைச் சீட்டில் எழுதி முந்தின இரவு குலுக்கி எடுங்கள். இரண்டாவது பள்ளி எதிர்த் திசையில் அமையட்டும். இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு ஒரே பள்ளி, அதில் மூன்று வகுப்பு. இரண்டாவது வழிதான் நல்லது, பெட்ரோலும் மிச்சம். மதியத்துக்குப் பிந்தைய பாடவேளைகளையும் பாருங்கள். முதல் பாடவேளையை மட்டுமே பார்த்துப் பார்த்து, பள்ளிகள் காலை 10 மணி வரைதான் நடக்கின்றன என்று நினைக்கும் நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

கேள்வி: 20 நிமிடம் பின்வரிசையில் உட்கார்ந்து எதை எழுதுவது? படிவத்தில் ‘ஆம் / இல்லை’ குறித்தாலே நேரம் முடிந்துவிடுகிறது. (ஆசிரியர் பயிற்றுநர்கள் இருவர், ஓர் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்)

வகுப்பில் இருக்கும்போது படிவத்தைத் தொடாதீர்கள். செயலியைத் திறந்தால் தலை குனிந்துவிடும், காதில் ஒன்றும் விழாது. ஒரு வெள்ளைத்தாளை மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நேரம். நடுவில் நடந்தது, சொன்ன சொற்களிலேயே. வலப்பக்கம் பிறகு கேட்க வேண்டிய சந்தேகம். படிவத்தை வெளியே வந்து நிரப்பலாம்.

பின்வரிசை மூலையை விட்டுவிட்டு, பக்கவாட்டில் நடு வரிசைக்கு நேராக உட்காருங்கள். பின்னால் இருந்தால் தலைகள் மட்டும்தான் தெரியும், நோட்டு தெரியாது. உட்கார்ந்ததும் பெஞ்சுகளின் வரைபடம் ஒன்றைச் சின்னதாகப் போடுங்கள். ஆசிரியர் எந்தப் பிள்ளையிடம் கேள்வி கேட்டாலும் அந்த இடத்தில் ஒரு புள்ளி. 20 நிமிடம் கழித்து எந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று தாளே சொல்லும். பெரும்பாலும் முன்வரிசையும் நடுவும் புள்ளியாக நிறைந்திருக்கும். ஜன்னலோரக் கடைசி பெஞ்சு காலியாகக் கிடக்கும். ‘மாணவர் பங்கேற்பு போதாது’ என்று எழுதுவதைவிட இந்தத் தாளை ஆசிரியரிடம் நீட்டினால் விளக்கமே தேவைப்படாது.

அடுத்தது காத்திருக்கும் நேரம். கேள்வி கேட்டபின் ஆசிரியர் எத்தனை விநாடி பொறுக்கிறார் என்று மனசுக்குள் எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாதவர்கள் பேசத் தொடங்கினார்கள். நம் வகுப்புகளில் ஆசிரியரே பாதிப் பதிலைச் சொல்லி, மீதியைப் பிள்ளைகள் இழுத்துப் பாடுவார்கள். அதைப் பங்கேற்பு என்று குறித்துவிடாதீர்கள்.

நோட்டுப் பார்ப்பதற்கு, உள்ளே நுழையும் முன்பே மூன்று வரிசை எண்களை முடிவு செய்துகொள்ளுங்கள், 5, 15, 25 என்பது போல. ஆசிரியர் எடுத்துத் தரும் நோட்டு எப்போதும் அழகாகத்தான் இருக்கும். மூன்றிலும் ஒரே தேதிப் பக்கத்தைப் புரட்டி, சிவப்பு மையில் திருத்திய இடத்துக்குக் கீழே பிள்ளை மறுபடி சரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘சரி’ குறி பக்கம் பக்கமாக ஓடினால், திருத்தியவர் படிக்கவில்லை.

ஒன்று முதல் ஐந்து வரை ‘எண்ணும் எழுத்தும்’ (அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம்) வகுப்பானால் இன்னொன்று உண்டு. கற்றல் நிலைப்படி, கீழிருந்து மேலாக, அரும்பு, மொட்டு, மலர் எனக் குழுக்கள் உட்கார்ந்திருக்கும். ஆசிரியர் எந்தக் குழுவோடு எத்தனை நிமிடம் இருந்தார் என்று குறியுங்கள். அட்டைகளைக் கொடுத்துவிட்டு மலர்க் குழுவோடு தங்கிவிடுவது எளிது, அவர்கள் பதில் சொல்வார்கள். நேரம் அதிகம் தேவைப்படுவது அரும்புக்கு.

எப்படி எழுதுவது என்பதற்கு ஓர் உதாரணம். ஐந்தாம் வகுப்பு, பின்னம். வழக்கமான அறிக்கை இது:

‘ஆசிரியர் ஆர்வத்துடன் நடத்தினார். மாணவர் பங்கேற்பு திருப்தி. துணைக்கருவிகளை மேலும் பயன்படுத்த அறிவுறுத்தப்பட்டது.’

இதை எந்த ஊரிலும் எந்த வகுப்புக்கும் ஒட்டலாம். அதே வகுப்புக்கு இப்படி எழுதலாம்:

‘10.12: கரும்பலகையில் 2/3, 3/4. எது பெருசு என்று கேட்டு, ஒரு விநாடியில் “3/4தானே?” என்று தானே சொன்னார். வகுப்பு: ஆமா டீச்சர். 10.15: ஆளுக்கு இரண்டு காகிதப் பட்டை, மடித்து வண்ணமிடச் சொன்னார். 10.21: 31 பேரில் 9 பேரின் நோட்டில் 2/3 பெரிது என்று இருக்கிறது. அவர்களுடைய இரண்டு பட்டைகளின் முழு நீளம் சமமாக இல்லை.’

கடைசி வரியில் இருப்பதுதான் பயன். துணைக்கருவி இருந்தது, ஆனால் பட்டைகளை ஒரே அளவில் வெட்டவில்லை. அதனால்தான் ஒன்பது பிள்ளைகள் தப்பாகக் கற்றார்கள். நாளைக்கே சரிசெய்யக்கூடிய விஷயம்.

அன்றைக்கே, இடைவேளையிலோ மாலையிலோ, பத்து நிமிடம் பேசுங்கள். முதலில் அவர் சொல்லட்டும்: ‘எந்த இடத்துல பிள்ளைங்களுக்குப் புரியலன்னு நினைக்கிறீங்க டீச்சர்?’ பிறகு உங்கள் தாள். சொல்வது ஒரே ஒரு மாற்றம். ஏழு சொன்னால் ஒன்றும் நடக்காது. தாளின் கீழே அவர் கருத்து எழுத நான்கு வரி விட்டு, இருவரும் கையெழுத்திட்டு, ஒரு நகலைக் கொடுத்துவிடுங்கள்.

சாக்பீஸை வாங்கிக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாடு கேட்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் பார்ப்பது உங்கள் வகுப்பை.

கேள்வி: சொல்லிவிட்டு வந்தால் நாடகம், சொல்லாமல் வந்தால்தான் உண்மை என்கிறார்கள். சரிதானா?

எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆள் இருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லாமல்தான் போக வேண்டும். 2003இல் இந்தியாவின் 20 மாநிலங்களில் சுமார் 3,700 பள்ளிகளுக்கு அறிவிக்காமல் போய்ப் பார்த்த ஆய்வில், அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் 25 சதவீதம் பேர் பள்ளியில் இல்லை. மகாராஷ்டிரத்தில் 14.6, தமிழ்நாட்டில் 21.3, ஜார்க்கண்டில் 41.9. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் இந்த எண் கிடைத்திருக்காது. ஆனால் இதில் முறையான விடுப்பும் அலுவல் பணியும் அடக்கம் என்பதைச் சொல்லாமல் ‘நாலில் ஒருவர் டிமிக்கி’ என்று மேடையில் பேசுவது அநியாயம்.

கற்பிக்கும் திறனை அளப்பது வேறு. அமெரிக்காவில் புளோரிடாவின் ஹில்ஸ்பரோ மாவட்டத்தில் 67 ஆசிரியர்களின் பாடப் பதிவுகளை 129 பேர் மதிப்பிட்டார்கள். ஆண்ட்ரூ ஹோ, தாமஸ் கேன் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆசிரியர்கள் தாங்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்த பாடங்களுக்கு மதிப்பெண் கூடியது, ஆனால் யார் மேலே யார் கீழே என்ற வரிசை பெரிதாக மாறவில்லை. நன்றாக நடத்துபவர் ஒத்திகை பார்த்தால் இன்னும் நன்றாக நடத்துவார், தடுமாறுபவர் ஒத்திகை பார்த்தும் தடுமாறுவார். அதே ஆய்வு சொன்ன இன்னொன்று நமக்கு அதிகம் உதவும். ஒரே ஆள் இரண்டு தடவை பார்ப்பதைவிட, இரண்டாவது பார்வையை வேறொருவர் பார்த்தால் மதிப்பீடு நம்பகமாகிறது. 15 நிமிடப் பார்வைகளைச் சேர்ப்பதும் அதிகச் செலவில்லாமல் பலன் தருகிறது.

இங்கிலாந்தில் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பின் தலைவராக இருந்த மைக்கேல் வில்ஷா, 2012 தொடக்கத்தில் இனி எல்லாப் பள்ளிக்கும் சொல்லாமல்தான் வருவோம் என்றார். தலைமை ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் முந்தின நாள் மதியம் ஒரு போன் என்று முடிந்தது. 2014 முதல் தனித்தனிப் பாடத்துக்குத் தரம் போடுவதையும் அவர்கள் விட்டுவிட்டார்கள். ஒரு பாடவேளையை வைத்து ஓர் ஆசிரியரைத் தீர்மானிக்க முடியாது என்பதில் நமக்கும் சந்தேகம் வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் ஆண்டுக்கு எத்தனை தடவை பார்க்கலாம்?

ஓர் ஆசிரியருக்கு நான்கு, தலா 20 நிமிடம். அதில் ஒன்று கடைசிப் பாடவேளை, ஒன்றாவது வேறொரு ஆள் பார்த்தது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஒன்றியத்தில் 60 பள்ளி, 180 ஆசிரியர் என்று வைத்துக்கொண்டால் 720 பார்வை. 210 வேலை நாளில் தினம் மூன்றரை. கூட்டம், சம்பளப் பட்டியல், நீதிமன்ற வழக்கு எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு வட்டாரக் கல்வி அலுவலரால் அது நடக்காது. மூன்றைத் தலைமை ஆசிரியர் பார்க்க வேண்டும், ஒன்றை வெளியிலிருந்து வருபவர். ஈராசிரியர் பள்ளியில் தலைமை ஆசிரியருக்கும் சொந்த வகுப்பு இருக்கும். எழுத்து வேலை கொடுத்துவிட்டு 15 நிமிடம் அடுத்த அறையில் நின்றால் போதும், 20தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். மற்றவர் விடுப்பில் இருக்கிற நாளில் ஐந்து வகுப்பையும் ஒருவரே சமாளிப்பார். அன்றைக்குப் போய்க் கற்பித்தலை மதிப்பிட்டு அறிக்கை எழுதுவதில் நியாயம் இல்லை. ‘இன்று ஒருவரே 5 வகுப்பு’ என்று முதல் வரியில் எழுதிவிட்டுத் திரும்புங்கள்.

கேள்வி: அதிகாரி வந்தபோது நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன், பிள்ளைகள் அலகுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். ‘பாடம் நடத்தவில்லை’ என்று எழுதி விளக்கம் கேட்டிருக்கிறார்கள். 17 ஏ வருமா? பயமாக இருக்கிறது. (பட்டதாரி ஆசிரியை)

விளக்கம் கேட்டு வரும் கடிதம் வேறு, தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கும் மேல்முறையீடும்) விதிகளின் 17(ஏ) குற்றச்சாட்டுக் குறிப்பாணை வேறு. கையில் இருப்பது முதலாவது. இதற்குக் கொடுக்கும் பதில் சரியாக இருந்தால் பெரும்பாலும் இத்தோடு கோப்பு மூடிவிடும்.

பதிலில் மூன்றே பத்தி. முதலில் கடித எண்ணும் தேதியும். அடுத்து நடந்தது: ‘அன்று 3ஆம் பாடவேளையில் 8ஆம் வகுப்பு ஆ பிரிவுக்கு இயல் 4க்கான அலகுத் தேர்வு நடைபெற்றது. பாடக்குறிப்பேட்டில் முந்தைய வாரமே இது குறிக்கப்பட்டுத் தலைமை ஆசிரியர் கையொப்பம் பெறப்பட்டுள்ளது.’ மூன்றாவதாக இணைப்பு: பாடவேளை அட்டவணை, குறிப்பேட்டுப் பக்கம், வினாத்தாள், இரண்டு விடைத்தாள் நகல். உற்றுநோக்கல் அறிக்கையின் நகலையும் அதிலேயே கேளுங்கள்.

‘தவறுக்கு வருந்துகிறேன், இனி நடக்காது’ என்று பழக்க தோஷத்தில் எழுதிவிடாதீர்கள். தேர்வு நடத்தியது தவறில்லை. அந்த ஒரு வரி பின்னால் ஒப்புதலாகிவிடும். ‘அதிகாரிக்கு என் மேல் காழ்ப்பு’ என்பதும் வேண்டாம், அது விசாரணையை வேறு பக்கம் இழுக்கும். கேட்ட நாளுக்குள் தலைமை ஆசிரியர் வழியாகக் கொடுத்து, உங்கள் நகலில் ‘பெறப்பட்டது’ என்று தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தேர்வு நடக்கும்போது உட்கார்ந்து வேறு வகுப்பு நோட்டுத் திருத்தியதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த நேரத்தில் வரிசைக்குள் நடந்து, யார் எந்தக் கேள்வியில் நிற்கிறார் என்று பார்த்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

கேள்வி: சத்துணவுக் கூடத்துக்கும் திடீரென்று வருகிறார்கள். எடை குறைகிறது என்று எங்களைத்தான் பிடிக்கிறார்கள். (சமையலர், திருவாரூர் மாவட்டம்)

வருபவர் போடும் கணக்கு எளியது. 1 முதல் 5 வரை பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 6 முதல் 8 வரை 150 கிராம். தொடக்க வகுப்பில் 42 பேர், மேலே 30 பேர் என்றால் 4.2 கிலோவும் 4.5 கிலோவும், மொத்தம் 8.7 கிலோ. அடுத்தது இருப்பு: முந்தின இருப்பு, அதோடு வரவு, அதில் செலவைக் கழித்தால் மூட்டையில் இருக்க வேண்டிய எடை.

இரண்டு இடத்தில் கணக்கு இடறும். ஒன்று சாக்கு. 50 கிலோ மூட்டையைச் சாக்கோடு நிறுத்து வரவு வைத்தால், சணல் சாக்குக்கே அரை கிலோவுக்கு மேல் போகும். பத்து மூட்டையில் ஐந்து கிலோவுக்கு மேல் ‘காணாமல்’ போய்விடும். மூட்டை வந்த அன்றே நிறுத்து, சாக்கு எடையைக் கழித்து, சத்துணவு அமைப்பாளரை எழுதவையுங்கள். குறைந்தால் அந்த ரசீதிலேயே குறிக்கச் சொல்லுங்கள், ஒரு மாதம் கழித்துச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்று எண்ணிக்கை. அலுவலகத்திலிருந்து நேற்றைய எண் எழுதிய துண்டுச்சீட்டு வரும், நீங்கள் அதற்குச் சமைப்பீர்கள். அதிகாரி தட்டு எண்ணும்போது பத்துப் பேர் வித்தியாசம். முட்டை வேகவைத்தபின் திரும்ப அடுக்கில் வைக்க முடியாது. சீட்டில் தேதி, நேரம், கொடுத்தவர் கையெழுத்து மூன்றும் இல்லாமல் உலை வைக்காதீர்கள். சீட்டுகளை ஆணியில் குத்தி ஒரு மாதம் வைத்திருங்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுத்தால் அதையும் தனியாகக் கணக்கில் காட்டச் சொல்லுங்கள்.

பரிமாறும் முன் ஓர் ஆசிரியராவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு மத்திய அரசு விதி. சுவைத்த பதிவேட்டில் மாதக் கையெழுத்தை ஒரே பேனாவில் ஒரே நாளில் போட்டிருந்தால், பார்த்ததுமே தெரிந்துவிடும். இது உங்கள் தவறல்ல என்றாலும், பதிவேட்டைத் தினமும் தட்டோடு சேர்த்து நீட்டுவது உங்கள் கையில் இருக்கிறது.

பார்க்க வருகிறவர்களுக்கு: தாளிக்கிற நேரத்தில் மூடியைத் திறக்கச் சொல்லாதீர்கள். பரிமாறுவதற்குக் கால் மணி முன்னால் வாருங்கள், எல்லாவற்றையும் பார்க்கலாம்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் நியூஜெர்சியில் பள்ளி ஆசிரியை. அங்கும் சொல்லாமல் வந்து பார்க்கிறார்களாம். அங்கே என்ன முறை? (சேலம் வாசகர்)

2012இல் வந்த மாநிலச் சட்டத்தின்படி அங்கே இது எழுதிவைத்த நடைமுறை. பணி உறுதி பெறாதவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது மூன்று உற்றுநோக்கல், பெற்றவருக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 20 நிமிடத்துக்குக் குறையாமல். ஒன்றாவது சொல்லிவிட்டு, ஒன்றாவது சொல்லாமல். சொல்லிவிட்டு வருவதற்கு முன்னால் ஒரு கலந்துரையாடல் உண்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் கட்டாயம் ஒன்று உண்டு. ஆண்டு முடிவில் நான்கில் ஒரு தரம்.

மகளுக்கு ஒன்று சொல்லுங்கள். அங்கே பல மாவட்டங்களில் டேனியல்சன் சட்டகம் என்ற மதிப்பீட்டு முறை இருக்கிறது. அதில் திட்டமிடல் ஒரு பகுதி, வகுப்புச் சூழல் ஒன்று, கற்பித்தல் ஒன்று, தொழில்சார் பொறுப்பு ஒன்று. சொல்லாமல் வருபவர் கண்ணில் படுவது நடு இரண்டும்தான். அதனால் பின்னால் பேசும்போது அன்றைய பாடத் திட்டத்தையும் பிள்ளைகளின் இரண்டு மூன்று விடைத்தாளையும் கையோடு கொண்டுபோகட்டும்.

கேள்வி: சிசிடிவியில் பார்த்தே ஆசிரியரை மதிப்பிடலாமே? (மெட்ரிக் பள்ளித் தாளாளர்)

ஆசிரியர் நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா என்பது தெரியும். நோட்டு தெரியாது, பிள்ளை முணுமுணுத்த தப்பான பதில் கேட்காது. உங்கள் ஆசிரியர்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கப் பழகுவார்கள், கால் வலிதான் மிச்சம்.

கேள்வி: பாடவேளையில் கழிப்பறைக்குப் போன அந்த ஐந்து நிமிடத்தில் ஆய்வு வந்துவிட்டால்?

பக்கத்து வகுப்பில் சொல்லிவிட்டுப் போங்கள், வகுப்புத் தலைவருக்கும் தெரியட்டும், கரும்பலகையில் செய்ய வேண்டிய கணக்கு எழுதியிருக்கட்டும். வந்தவர் வாசலில் ஐந்து நிமிடம் நிற்கலாம், கடிகாரம் அவர் கையிலும் இருக்கிறது.